‘மெசேஜ் டூ லாங்’ என்று கெர்னல் மறுக்கும்போது: செய்தி அளவு வரம்புச் சோதனைகளில் பிழை நீக்கும் வழிமுறை

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் போக்குவரத்து நெறிமுறைகளில் செய்தியின் அளவைச் சோதிப்பது பெரும்பாலும் ஒற்றை ‘இஃப்’ கூற்றுதான். அளவு வரம்பைத் தாண்டினால், பயனருக்கு ‘மெசேஜ் டூ லாங்’ (செய்தி மிக நீளம்) என்று தெரியும் ‘ஈஎம்எஸ்ஜிசைஸ்’ என்ற பிழைக்குறியைத் திருப்பித் தருவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. ஆயினும் அந்த ஒரு வரியை எழுதுபவர் மூன்று முடிவுகளை எடுத்தாக வேண்டும்: பல அளவுகளுள் எதைச் சோதிப்பது, அந்த அளவை யார் சொன்னால் நம்புவது, நிரலின் எந்தக் கட்டத்தில் சோதிப்பது. நான் இதுவரை பிரித்துப் பார்த்த அளவுப் பிழைகள் ஏறத்தாழ அனைத்தும் இம்மூன்றில் ஏதோ ஒன்றில் சறுக்கியதால் வந்தவையே. வரம்பு எண்ணே தவறாக இருந்த இடம் மிகக் குறைவு. ஆகவே, மறுப்பைக் கண்டவுடன் வரம்பு எண்ணை உயர்த்திப் பார்க்கும் பழக்கத்தை முதலில் கைவிடுவது நல்லது.

கீழே வருபவற்றுக்கு முதன்மையான எடுத்துக்காட்டு ஆர்டிஎஸ் (ரிலையபிள் டேட்டாகிராம் சாக்கெட்ஸ்) நெறிமுறை. ஆரக்கிள் நிறுவனத்தில் உருவாகி, 2009-இல் வெளிவந்த 2.6.30 பதிப்பில் கெர்னலுக்குள் சேர்ந்த இது, டேட்டாகிராம் வடிவிலான, அதாவது ஒவ்வொன்றும் தனித்து நிற்கும், செய்திகளை வரிசை மாறாமலும் இழப்பின்றியும் கொண்டு சேர்க்கிறது. அதன் அடியில் இன்ஃபினிபேண்ட் இருக்கலாம், டிசிபி இருக்கலாம், அதே கணினிக்குள் சுற்றிவரும் லூப்பேக்கும் இருக்கலாம். ஒரு செய்தி 1 மெகாபைட்டைத் தாண்டக் கூடாது என்பது இதன் விதி. ஆனால் எல்லாப் பாதைகளிலும் அந்த விதி சோதிக்கப்படாமலே பல ஆண்டுகள் ஓடின. 2017-இல் சேர்ந்த ஒரு பேட்ச்தான் (நிரல் திருத்தம்) சாதாரணச் செய்தி, ஆர்டிஎம்ஏ (மறு கணினியின் நினைவகத்தை நேரடியாக அணுகும் முறை) செய்தி, ஆர்டிஎம்ஏ-வுக்காகப் பதிவு செய்யப்படும் நினைவகப் பகுதி ஆகிய மூன்றுக்கும், அடியில் எந்தப் போக்குவரத்து இருந்தாலும் சரி, 10,48,576 பைட் என்ற ஒரே வரம்பை வைத்தது. அந்தப் பேட்ச் சரிசெய்ததையும் பார்ப்போம். அது புதிதாகக் கொண்டுவந்த பிழையையும் பார்ப்போம்.

அறிகுறி: வரம்புக்குள் இருக்கும் செய்தியும் மறுக்கப்படுகிறது

பயனர் நிரல் ஒன்று 3,00,000 பைட் கொண்ட செய்தியை ஆர்டிஎஸ் சாக்கெட்டில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வரம்பு ஒரு மெகாபைட். செய்தி அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் கெர்னல் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவி வழியே பார்த்தால் சென்ட்எம்எஸ்ஜி அழைப்பு ‘மெசேஜ் டூ லாங்’ என்றே திரும்புகிறது. இந்தப் பிழைக்குறி ஒன்றுதான், ஆனால் அதைத் தரக்கூடிய இடங்கள் பல. எனவே முதல் வேலை, மறுத்தது எந்த அடுக்கு என்று கண்டுபிடிப்பது.

மேலிருந்து கீழாக வருவோம். நெறிமுறையின் நிரலைத் தொடுவதற்கு முன்பே, பயனர் தந்த செய்தித் தலைப்பைக் கெர்னலுக்குள் படியெடுக்கும் பொதுவான செயற்கூறு, செய்தியின் துண்டுகளைப் பட்டியலிடும் ‘ஐஓவெக்’ உறுப்புகளின் எண்ணிக்கை 1024-ஐத் தாண்டினால் இதே பிழைக்குறியைத் தருகிறது. அதாவது, ஒவ்வொன்றும் ஒரே பைட் கொண்ட 1025 துண்டுகளை அனுப்பினால், ஆயிரத்துச் சொச்சம் பைட் கொண்ட செய்தியும் ‘மிக நீளமானது’ என்ற பெயரை வாங்கிக்கொள்ளும். சிறிய செய்திகள் மறுக்கப்படும் புகார்களில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். எஸ்ட்ரேஸின் வெளியீட்டிலேயே துண்டுகளின் எண்ணிக்கை தெரிந்துவிடும்.

அடுத்தது அனுப்பு இடையகம். ஆர்டிஎஸ்ஸின் அனுப்பும் செயற்கூறு, செய்தியின் அளவைச் சாக்கெட்டின் ‘எஸ்என்டிபஃப்’ (அனுப்பு இடையக அளவு) மதிப்பில் பாதியோடு ஒப்பிடுகிறது. பாதி ஏன் என்றால், பயனர் கேட்ட அளவை இரட்டித்துச் சேமித்து வைப்பது கெர்னலின் வழக்கம். மேலாண்மைக்கான கூடுதல் நினைவகத்துக்கு அந்த மறுபாதி. பல காலமாக எக்ஸ்86 கணினிகளில் இயல்பான இடையக அளவு 2,12,992 பைட். அதில் பாதி 1,06,496. ஆகவே எதையும் மாற்றாத சாக்கெட்டில் 3,00,000 பைட் செய்தி மறுக்கப்படுவது பிழையே அன்று.

இதை அறிந்த பயனர், சாக்கெட் விருப்பத்தின் மூலம் 10,48,576 பைட் இடையகம் கேட்கிறார். அழைப்பு வெற்றி என்று திரும்புகிறது. ஆனால் செய்தி மீண்டும் மறுக்கப்படுகிறது. சாக்கெட்டிடம் இப்போது இடையக அளவு என்ன என்று கேட்டால் 4,25,984 என்று பதில் வருகிறது. 3,00,000-ஐ விட இது பெரிது அல்லவா, பிறகு ஏன் மறுப்பு? இந்த இடத்தில் நானே ஒரு முழுப் பிற்பகலைத் தொலைத்திருக்கிறேன். நடந்தது இதுதான்: பயனர் கேட்ட அளவு ‘டபிள்யூமெம்_மேக்ஸ்’ என்ற கணினி அளவிலான உச்சவரம்புக்கு, அதாவது அந்தக் கணினியில் இருந்த 2,12,992-க்கு, ஓசையின்றிக் குறைக்கப்பட்டது, பிறகு இரட்டிக்கப்பட்டு 4,25,984 ஆனது, ஆர்டிஎஸ் அதைப் பாதியாக்கி 2,12,992 என்று எடுத்துக்கொண்டது. உச்சவரம்பை உயர்த்திய பிறகு மீண்டும் கேட்பது, அல்லது பிணைய மேலாளர் உரிமையுள்ள நிரலென்றால் உச்சவரம்பைக் கண்டுகொள்ளாத கட்டாய விருப்பத்தைப் பயன்படுத்துவது, இவ்விரண்டுமே தீர்வு. கெர்னல் நிரலில் கை வைக்க வேண்டியதில்லை.

ஒரே இடையகத்தைப் பிற நெறிமுறைகள் வேறு வகையில் கணக்கிடுகின்றன. யூனிக்ஸ் டேட்டாகிராம் சாக்கெட்டும் நெட்லிங்க்கும் இடையக அளவிலிருந்து 32-ஐக் கழித்து ஒப்பிடுகின்றன. இயல்புநிலையில் 2,12,960 பைட் வரை செல்லும். யூடிபி முதலில் 65,535 என்ற எண்ணோடு மட்டும் ஒப்பிட்டுவிட்டு, ஐபி தலைப்பின் 20 பைட்டையும் தன் தலைப்பின் 8 பைட்டையும் கழிக்கும் வேலையைக் கீழ் அடுக்குக்கு விட்டுவிடுகிறது. அதனால் ஐபி நான்காம் பதிப்பில் 65,507 பைட் செல்லும், 65,508 செல்லாது. அந்த 65,508-ஐ மறுப்பது யூடிபி செயற்கூறு அன்று, அதன் கீழே உள்ள ஐபி செயற்கூறு. யூடிபி நிரலில் மட்டும் தேடுபவர் அந்த வரியைக் கண்டுபிடிக்கவே மாட்டார்.

மறுத்த இடத்தை ஊகிக்காமல் அறிய, கெர்னல் செயற்கூறுகளைக் கண்காணிக்கும் பிபிஎஃப்ட்ரேஸ் கருவியைக் கொண்டு, சந்தேகத்துக்குரிய செயற்கூறுகள் ஒவ்வொன்றும் திரும்பும்போது தரும் மதிப்பைப் பார்த்து, −90 (ஈஎம்எஸ்ஜிசைஸின் எண் 90) என்று வருபவற்றை மட்டும் அச்சிடச் சொல்லலாம். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கம்பைலர் உள்ளே கரைத்துவிட்ட சிறிய செயற்கூறுகளில் இப்படி ஒட்டிக்கொள்ள முடியாது. அவற்றை அழைத்த செயற்கூற்றைத்தான் பிடிக்க வேண்டும். மேலும் 90 என்பது எக்ஸ்86, ஆர்ம் போன்றவற்றின் எண். ஸ்பார்க்கில் அதே பிழைக்குறியின் எண் 40. கீழ் அடுக்கில் −90 பிறந்து, மேல் அடுக்குகள் அதை அப்படியே கடத்தியிருந்தால், முதலில் அச்சாகும் பெயர்தான் குற்றவாளி.

அறிகுறி: சரியாக ஒரு மெகாபைட், சில வேளைகளில் மட்டும் மறுப்பு

நிரலும் மாறவில்லை, செய்தியின் அளவும் மாறவில்லை. ஆனால் ஒரு முறை ஏற்கப்படுகிறது, மறு முறை மறுக்கப்படுகிறது. இப்படி வந்தால் பைட் கணக்குக்கும் பக்கக் கணக்குக்கும் இடையிலான குழப்பத்தைத் தேடுங்கள்.

4,096 பைட் கொண்ட பக்கங்களில் ஒரு மெகாபைட் என்பது 256 பக்கங்கள். ஆனால் பயனரின் நினைவகப் பகுதி பக்கத்தின் தொடக்கத்தில் தொடங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பக்கத்தின் நடுவே, சொல்லப்போனால் 100-ஆம் பைட்டில் தொடங்கும் ஒரு மெகாபைட், முதல் பக்கத்தின் பிற்பகுதியையும் கடைசிப் பக்கத்தின் முதல் 100 பைட்டையும் தொட்டு, மொத்தம் 257 பக்கங்களில் பரவி நிற்கும். ‘பக்கங்கள் 256-க்கு மேல் இருந்தால் மறு’ என்று எழுதியிருந்தால், நினைவகம் ஒதுக்கும் மெலாக் தந்த முகவரி எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்து, அதே செய்தி ஏற்கவும் படும், மறுக்கவும் படும்.

நினைவகப் பகுதியைப் பதிவு செய்யும் ஆர்டிஎஸ் செயற்கூற்றில், 2017-ஆம் ஆண்டுப் பேட்ச் இதற்காகவே பக்க எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு ஒப்பிடுகிறது; சீரற்ற தொடக்கங்களுக்கு இடம் தருவதற்காகவே அந்த ஒன்று என்று அருகிலேயே குறிப்பும் எழுதப்பட்டிருக்கிறது. இந்தத் தளர்வுக்கு ஒரு விலை உண்டு. பக்கத் தொடக்கத்தில் சரியாகத் தொடங்கும் 257 பக்கங்கள், அதாவது வரம்பைவிட 4,096 பைட் பெரிய பகுதி, இந்தச் சோதனையைக் கடந்துவிடும். அனுப்பும் பாதையில் பைட் அளவு தனியாகச் சோதிக்கப்படுவதால் இது இங்கே தீங்கு செய்வதில்லை. என்றாலும், புதிதாக எழுதும் நிரலில் பைட் எண்ணிக்கை கையில் இருக்கும்போது அதையே முதலில் ஒப்பிட்டுவிட்டு, பக்கக் கணக்கை ஒதுக்கீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே நான் பரிந்துரைப்பது.

அறிகுறி: பிழை எதுவும் இல்லை, சிபியூ மட்டும் முழு வேகத்தில் சுழல்கிறது

‘எழுதலாம்’ என்று, சாக்கெட் தயாரா எனக் கேட்கும் ‘போல்’ அழைப்பு சொல்கிறது. எழுதினால் ‘ஈஅகெய்ன்’ வருகிறது. மீண்டும் போல், மீண்டும் ‘எழுதலாம்’. இது அளவுச் சோதனையின் பிழை என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. ‘இந்தச் செய்தி எப்போதுமே செல்லாது’ என்பதற்கும் ‘இப்போது இடமில்லை, பிறகு வா’ என்பதற்கும் உள்ள வேறுபாடுதான் ஈஎம்எஸ்ஜிசைஸுக்கும் ஈஅகெய்னுக்கும் உள்ள வேறுபாடு. இடையகத்தில் சிறிது இடம் மிச்சம், செய்தியோ அதைவிடப் பெரிது என்னும்போது, போல் செயற்கூறு ‘சிறிதாவது இடம் உண்டா’ என்றும் அனுப்பும் செயற்கூறு ‘முழுச் செய்திக்கும் இடம் உண்டா’ என்றும் தனித்தனியே கேட்டால் இந்தச் சுழற்சி உண்டாகும்.

ஆர்டிஎஸ் இதற்கு நேர்த்தியான விடை வைத்திருக்கிறது. புதிய செய்தியைச் சேர்ப்பதற்கு முன்பிருந்த பயன்பாட்டை மட்டும் இடையக அளவோடு ஒப்பிட்டு, கடைசியாக வரும் ஒரு செய்தி இடையகத்தைச் சற்றுத் தாண்டிச் செல்ல அனுமதிக்கிறது. அதன் பிறகு போலும் ‘இடமில்லை’ என்றே சொல்லும்; இரண்டு செயற்கூறுகளின் பதிலும் ஒத்துப்போகும். இந்த வரியைப் பார்த்து ‘வரம்பு மீறுகிறதே’ என்று திருத்தப் புறப்படுபவர்கள், போலின் நிபந்தனையையும் சேர்த்துப் படித்த பிறகே கை வைக்க வேண்டும்.

அறிகுறி: அளவைச் சோதிக்கும் செயற்கூற்றிலேயே, நினைவக வரம்பு மீறலைப் பிடிக்கும் கேசான் அலறுகிறது

மேலே சொன்ன 2017-ஆம் ஆண்டுப் பேட்ச், ஆர்டிஎம்ஏ செய்தியின் அளவை அறிய ஒரு சிறிய செயற்கூற்றைச் சேர்த்தது. சாதாரணச் செய்தியின் நீளம் அழைப்பிலேயே வந்துவிடும். ஆனால் ஆர்டிஎம்ஏ அளவு, செய்தியோடு வரும் கட்டுப்பாட்டுச் செய்திக்குள், 56 பைட் கொண்ட கட்டமைப்பின் ஒரு புலமாக வருகிறது. புதிய செயற்கூறு கட்டுப்பாட்டுச் செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, வகை பொருந்தினால் அந்தப் புலத்தைப் படித்துக் கூட்டியது. அந்தக் கட்டுப்பாட்டுச் செய்தி உண்மையில் 56 பைட் தரவைக் கொண்டிருக்கிறதா என்று மட்டும் அது பார்க்கவில்லை.

அதே ஆண்டில் தானியங்கிச் சோதனைக் கருவியான சிஸ்பாட் இதைக் கண்டுபிடித்தது. கேசான் அறிக்கையில் ‘ஸ்டேக் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்’ என்று வந்ததற்குக் காரணம் சுவையானது. சிறிய கட்டுப்பாட்டுச் செய்திகளுக்காகக் கெர்னல் தன் ஸ்டேக்கிலேயே (செயற்கூறு ஓடும்வரை மட்டும் இருக்கும் நினைவகம்) ஒரு சிறிய வரிசையை வைத்திருக்கிறது. 64 பிட் கணினியில் 16 பைட் தலைப்பும் 20 பைட் தரவுமாக 36 பைட். தலைப்பு மட்டுமே கொண்ட, தரவே இல்லாத கட்டுப்பாட்டுச் செய்தியை அனுப்பினாலும், தலைப்பு முழுமையாக இருக்கிறதா என்ற பொதுச் சோதனையை அது கடந்துவிடும். அளவைக் கூறும் புலமோ, கட்டமைப்பில் 16-ஆம் பைட்டில், அதாவது கட்டுப்பாட்டுச் செய்தியின் 32-ஆம் பைட்டில் தொடங்கி 8 பைட் நீள்கிறது. 36-இல் முடியும் வரிசையில் 39 வரை படித்தால் கேசான் விடுமா? திருத்தம் ஒரே நிபந்தனைதான்: கட்டுப்பாட்டுச் செய்தியின் நீளம் முழுக் கட்டமைப்புக்கும் போதாது என்றால், உள்ளே எதையும் படிப்பதற்கு முன் ‘ஈஇன்வால்’ (செல்லாத உள்ளீடு) என்று திரும்பு.

இதே கட்டமைப்பைக் கையாளும் வேறொரு செயற்கூற்றில் இந்த நீளச் சோதனை ஏற்கெனவே இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. புதிய சோதனை அதற்கு முன்னதாக ஓடுமாறு வைக்கப்பட்டதால், பழைய பாதுகாப்பு பின்னால் நின்றுவிட்டது. அளவுச் சோதனையை நிரலின் மேற்பகுதிக்கு நகர்த்துவது சரியான பழக்கமே. ஆனால் நகர்த்தும்போது, அது சார்ந்திருக்கும் சோதனைகளையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும்.

அறிகுறி: ஒதுக்கீட்டில் எச்சரிக்கை, அளவோ முன்பே சோதிக்கப்பட்டது

கெர்னல் பதிவேட்டில் ஒதுக்கீட்டுச் செயற்கூற்றிலிருந்து ‘வார்னிங்’ வருகிறது. நிரலைப் படித்தால், சில வரிகளுக்கு முன்புதான் தேவையான இடம் கணக்கிடப்பட்டிருக்கிறது. ஒதுக்கியதும் அந்த அளவுக்கே. பிறகு எப்படிப் போதாமல் போகும்?

பயனர் தளத்து நினைவகத்தை எத்தனை முறை படிக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். ஆர்டிஎஸ்ஸில் ஒரு செயற்கூறு பயனரின் ஐஓவெக் வரிசையைப் படித்து, எத்தனை பக்கங்கள் வேண்டும் என்று கணக்கிட்டது. பின்னர் மற்றொரு செயற்கூறு அதே வரிசையை மறுபடியும் பயனர் நினைவகத்திலிருந்து படித்து, மறுபடியும் கணக்கிட்டது. இவ்விரண்டுக்கும் இடையே பயனரின் வேறொரு த்ரெட் அந்த வரிசையை மாற்றிவிட்டால், சோதித்த எண் வேறு, பயன்படுத்திய எண் வேறு. 2018-இல் வந்த திருத்தம், ஒரு அனுப்புதலுக்கு ஒரே ஒரு முறை மட்டும் படியெடுத்து, அந்தப் படியையே இரு செயற்கூறுகளுக்கும் கொடுத்தது. இரண்டாவது இடத்திலும் ஒரு சோதனையைச் சேர்த்தால் போதாதா என்று தோன்றலாம்; மூன்றாவதாக ஒருவர் படிக்கும் இடத்தைச் சேர்க்கும் நாள் வரை மட்டுமே அது போதும்.

இதே நிரலில் 2010-ஆம் ஆண்டிலேயே பக்கங்களைக் கூட்டும் இடத்தில் முழு எண் வழிந்து, சிறிய ஒதுக்கீட்டில் பெரிய தரவு எழுதப்படும் பாதுகாப்புக் குறை ஒன்று பதிவானது. ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியே வரம்புக்குள் இருந்தாலும், கூட்டுத்தொகை தன் மாறியில் அடங்குகிறதா என்பது தனிக் கேள்வி. கூட்டி முடித்த பிறகு ஒப்பிடாமல், கூட்டும் ஒவ்வொரு படியிலும் ஒப்பிட வேண்டும்.

அறிகுறி: ‘ஆர்பிசி ஃபிராக்மென்ட் டூ லார்ஜ்’ என்று பதிவேடு நிரம்புகிறது

இதில் பெரும்பாலும் திருத்த ஒன்றும் இருக்காது. பிணையத்தில் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் சேவையகத்தின் அடியில் உள்ள சன்ஆர்பிசி (தொலை அழைப்பு நெறிமுறை), டிசிபி வழியே வரும் ஒவ்வொரு துண்டின் முன்னும் 4 பைட் குறியை எதிர்பார்க்கிறது; அதன் மேல் பிட் ‘இதுவே கடைசித் துண்டு’ என்பதைக் காட்டும், மீதி 31 பிட்டும் நீளம். நீளம் சேவையகத்தின் உச்சவரம்பைத் தாண்டினால் அறிவிப்பை எழுதிவிட்டு இணைப்பை மூடிவிடுகிறது.

அறிவிப்பில் உள்ள எண்ணைப் பதினாறடிமான எண்ணாக மாற்றி, நான்கு பைட்டுகளையும் எழுத்துகளாகப் படித்துப் பாருங்கள். 1195725856 என்று இருந்தால், பைட்டுகள் 47, 45, 54, 20. ஆங்கிலத்தில் ‘கெட்’ என்ற சொல்லும் ஓர் இடைவெளியும். யாரோ 2049-ஆம் போர்ட்டுக்கு எச்டிடிபி கோரிக்கை அனுப்புகிறார்கள். 1397966893 என்றால் எஸ்எஸ்எச் வாழ்த்து வரியின் முதல் நான்கு எழுத்துகள். 369295616 முதல் 369295618 வரை என்றால், டிஎல்எஸ் கைகுலுக்கலின் தொடக்கம். போர்ட்டுகளைத் துழாவும் கருவிகளின் வேலை இது; சோதனை தன் கடமையைச் செய்கிறது. மாறாக, எண் ஒரு மெகாபைட்டையொட்டிச் சில ஆயிரம் மட்டும் கூடுதலாக இருந்தால்தான் உண்மையான என்எஃப்எஸ் வாடிக்கையாளருக்கும் சேவையகத்துக்கும் இடையே உச்சவரம்பு பற்றிய உடன்பாடின்மை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அறிகுறி: எம்டியூவைக் குறைத்ததும் நினைவகம் சிதைகிறது

பெரிய செய்திக்குத்தான் ஆபத்து என்ற எண்ணத்தால், சிறிய வரம்பின் ஆபத்தை யாரும் சோதிப்பதில்லை. துண்டின் தரவு அளவைக் கணக்கிட, எம்டியூவிலிருந்து (ஒரு பொதியில் செல்லக்கூடிய உச்ச அளவு) தலைப்பின் நீளத்தைக் கழிக்கிறோம். எம்டியூ தலைப்பைவிடச் சிறியதாக இருந்து, மாறி குறியற்ற முழு எண்ணாகவும் இருந்தால், விடை எதிர்மறையாகாது. நானூறு கோடியை ஒட்டிய பேரெண்ணாகும். அதன் பிறகு எந்த வரம்புச் சோதனையும் ‘இடம் தாராளமாக இருக்கிறது’ என்றே சொல்லும்.

கணினிக் கொத்துகளுக்கான டிப்சி நெறிமுறையில் 2016-இல் வெளியான குறை இந்த வகைதான். தன் பெயர்வெளியில் (கெர்னல் பிரித்துத் தரும் தனிச் சூழல்) மேலாளர் உரிமை பெற்ற சாதாரணப் பயனர்கூட இடைமுகத்தின் எம்டியூவை மிகச் சிறியதாக்கி, ஹீப்பில் வரம்பு மீறி எழுதச் செய்ய முடிந்தது. செய்தியை அடுக்கும் செயற்கூற்றில் ஒட்டுப் போடாமல், இடைமுகத்தை இணைக்கும்போதும் அதன் எம்டியூ மாறும்போதும் குறைந்தபட்ச அளவைச் சோதித்து, அதற்கும் குறைந்தால் அந்த இணைப்பையே முடக்கும்படி திருத்தப்பட்டது. வரம்பே பொருளற்றதாக இருக்கும்போது, அதனோடு ஒப்பிடும் நூறு இடங்களைத் திருத்துவதைவிட, வரம்பு உள்ளே நுழையும் வாசலில் தடுப்பது சரி.

அதே டிப்சியில் 2021-இல் வெளியான மற்றொரு குறை, பெறும் திசையைச் சேர்ந்தது. குறியாக்கச் சாவியைக் கொண்டுவரும் செய்தியில் இரண்டு நீளங்கள் வந்தன: ஒன்று செய்தித் தலைப்பில், மற்றது சாவியின் சொந்தப் புலத்தில். ஒதுக்கீடு முதலாவதைக் கேட்டது, படியெடுத்தல் இரண்டாவதைக் கேட்டது; இரண்டும் பிணையத்தின் மறுமுனையில் இருப்பவர் எழுதியவை. 5.10 பதிப்பில் நுழைந்த இக்குறையைத் தீர்க்க, சாவி நீளம் உச்சவரம்புக்குள் இருக்கிறதா என்பதோடு, இரண்டு நீளங்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதும் சோதிக்கப்பட்டது. ஒரே பொருளுக்கு இரண்டு நீளங்கள் வரும் எந்த நெறிமுறையிலும், அவற்றை ஒப்பிடும் வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

திருத்தத்தை எழுதும்போது

ஒதுக்கீடு, பூட்டு, குறிப்பெண்ணிக்கை (ஒரு பொருளை எத்தனை இடங்கள் பயன்படுத்துகின்றன என்ற எண்) இவற்றில் எதையும் தொடும் முன் சோதித்துவிடுங்கள். அப்படி முடியாத இடத்தில், பிழைப் பாதை எந்த லேபிளுக்குத் தாவுகிறது என்பதைப் பாருங்கள். அளவைச் சோதிக்கும் வரியைச் சற்றுக் கீழே இறக்கியதால், சாக்கெட்டின் குறிப்பெண்ணிக்கை ஒவ்வொரு மறுப்பிலும் ஒன்று கூடிக்கொண்டே போகும் பேட்ச்கள் மதிப்பாய்வில் அடிக்கடி தென்படும்.

‘நீளம் கூட்டல் தலைப்பு, வரம்பைவிடப் பெரிதா’ என்று எழுதாமல், ‘நீளம், வரம்பில் தலைப்பு போக எஞ்சியதைவிடப் பெரிதா’ என்று எழுதுங்கள். வரம்பு தலைப்பைவிடப் பெரிது என்பது முன்பே உறுதியாகியிருக்க வேண்டும் என்பதை மேலே கண்டோம். ஒரு சென்ட்எம்எஸ்ஜி அழைப்பின் மொத்த நீளத்தைக் கெர்னல் 2147479552 பைட்டோடு நிறுத்திவிடுவதால், ‘இன்ட்’ வகை மாறியே போதும் என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த எண்ணுக்கும் இன்ட்டின் உச்சத்துக்கும் இடையே மிச்சம் 4,095 மட்டுமே. 48 பைட் ஆர்டிஎஸ் தலைப்பைக் கூட்டினால் தாங்கும். பிறகு பக்க எல்லைக்கு மேல்நோக்கி முழுமையாக்கினால் எதிர்மறைக்குப் புரண்டுவிடும். கட்டுப்பாட்டுச் செய்தியில் வரும் 64 பிட் நீளங்களுக்கோ இந்தத் தடுப்பும் இல்லை. கெர்னலிலேயே உள்ள, வழிதலைக் கண்டறியும் கூட்டல் மேக்ரோவைப் பயன்படுத்துவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

சோதனை நிரலில் குறைந்தது இந்த அளவுகள் இருக்கட்டும்: சுழியம், ஒன்று, வரம்புக்கு ஒன்று குறைவு, சரியாக வரம்பு, வரம்புக்கு ஒன்று கூடுதல், 2147479552. ஒவ்வொன்றையும் பக்கத் தொடக்கத்திலும் பக்கத்தின் நடுவிலும் தொடங்கும் இடையகங்களில், கேசானும், எண் வழிதல் போன்றவற்றைப் பிடிக்கும் யுபிசானும் இயங்கும் கெர்னலில் ஓட்டுங்கள். சுழிய நீளச் செய்தியை டேட்டாகிராம் நெறிமுறைகள் செல்லுபடியாகும் செய்தியாகவே கொள்வதால், ‘நீளம் இல்லை என்றால் மறு’ என்று தற்செயலாக எழுதிவிட்டால் அதுவும் இங்கே பிடிபடும். மறுக்கப்பட்ட செய்தியை ஒரு லட்சம் முறை அனுப்பி, சாக்கெட்டை மூடிய பின் மாட்யூலை இறக்க முடிகிறதா என்றும் பாருங்கள். குறிப்பெண்ணிக்கை கசிந்திருந்தால் மாட்யூல் இறங்காது.

பேட்ச்சின் விளக்கத்தில், மறுக்கப்பட வேண்டிய அளவு எது, முன்பு அது எங்கே நழுவியது, இப்போது எந்தப் பிழைக்குறி வரும் என்பதை எண்களோடு எழுதுங்கள். முன்பு வேலை செய்த அளவு எதையாவது இனி மறுக்கப் போகிறீர்கள் என்றால் அதை மறைக்காமல் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் முதல் 12 பதினாறடிமான இலக்கங்களை ‘ஃபிக்சஸ்’ வரியில் கொடுத்தால்தான் நிலைப் பதிப்புகளைப் பராமரிப்பவர்கள் அதை எந்தப் பதிப்பு வரை எடுத்துச் செல்ல வேண்டும் என்று அறிவார்கள். இது திருத்தம் என்பதால், புதிய வசதிகளுக்கான ‘நெட் நெக்ஸ்ட்’ மரத்துக்கு அனுப்பாமல் ‘நெட்’ மரத்துக்கு அனுப்புங்கள்.